காவலூருக்கு மேலே, பாதியில் நிற்கும் ஒரு பாட்டைத் தேடி

இந்தப் பயணம் ஒரு தவறான நம்பரில் தொடங்கியது. ஆடி மாதத்தில் ஒரு காலை. எனக்குக் காய்ச்சல். முதியோர் வகுப்புக்கு இன்று வர முடியாது என்று டீச்சருக்குப் போன் செய்ய நினைத்தேன். பல வருடம் கல் உடைத்த விரல் தடிமனாகத்தான் இருக்கும். ஐந்தை அமுக்கினால் கீழே இருக்கும் எட்டு அமுங்கும். அழைப்பு வேறு எங்கோ போய்விட்டது. வழக்கமான மணிச் சத்தம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பெண் பிள்ளை பாடினாள்.

இழுத்துப் பாடுகிற பாட்டு என்று நினைக்காதீர்கள். யாரிடமோ சண்டை போடுவது போல, படிக்கட்டில் தடதடவென்று இறங்குவது போல, வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். பின்னால் ஒரு தாளம் மட்டும். ராப் என்றும் ஹிப்ஹாப் என்றும் சொல்வார்களாம். அன்று எனக்கு அது தெரியாது. வார்த்தைகள் மட்டும் பிடித்துக்கொண்டன.

காவலூரு தாண்டி மூணாம் வளைவு
கல்லு மேட்டு மேல எங்க வூடு
மழ வந்தா டவரு போவுது
மணி அடிச்சா உசுரு வருது
நீ போன ரோட்டுலயே நிக்கிறேன்
நைனா, நீ கேட்டா சொல்றேன், நான்

அவ்வளவுதான். ‘நான்’ என்ற இடத்தில் வெட்டிவிட்டு மறுபடி ‘காவலூரு தாண்டி’ என்று ஆரம்பித்துவிடும். நான் என்ன? அதைச் சொல்லவே இல்லை. எங்கள் பக்கத்தில் அப்பாவைத்தான் நைனா என்போம். அப்பாவிடம் அந்தப் பெண் என்னவோ சொல்ல வருகிறாள். வாயைத் திறந்ததும் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

மறுநாளும் அதே நம்பரை அமுக்கினேன். அதற்கு மறுநாளும். டீச்சரிடம் கேட்டபோது சிரித்தார். “அது காலர் டியூன் ஐயா. அவங்க போனை எடுக்கிற வரைக்கும் நமக்குக் கேட்கும்.” அவர்கள் எடுக்கவே இல்லை. எனக்கும் எடுக்க வேண்டும் என்று இல்லை. காலை ஆறு மணிக்குப் பல் துலக்கிவிட்டு, இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். ஒரே ஒரு நாள் பாட்டு பாதியில் நின்று, “ஆலோ” என்று ஒரு பெண் குரல் கேட்டது. பயந்து வைத்துவிட்டேன். யார் என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

ஏன் இவ்வளவு பைத்தியம் என்று கேட்பீர்கள். என் மனைவி இருந்தபோது எனக்கு எழுதத் தெரியாது. கர்நாடகத்தில் கல் குவாரியில் கிடந்த காலத்தில் வேறொருவர்தான் எனக்காக ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார். இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பெண்டாட்டிக்கு என்ன சொல்ல முடியும்? நான் நலம், நீ நலமா, மாடு எப்படி இருக்கிறது. அதோடு நின்றுவிடும். இப்போது எனக்கு எழுதத் தெரியும். படிக்க அவள் இல்லை. அந்தப் பாட்டு ‘நான்’ என்று நிற்கும்போதெல்லாம் என் கடிதங்களும் அந்த இடத்தில்தான் நின்றன என்று தோன்றும். மீதியைக் கேட்டுவிட வேண்டும் என்று புறப்பட்டேன்.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. எங்கள் ஊர் செங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. செங்கத்திலிருந்து திருப்பத்தூருக்குக் காலை 5.40 பேருந்து. டிக்கெட் நாற்பது ரூபாய். சிங்காரப்பேட்டை வழியாகப் போகிறது, ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். ஜன்னல் சீட்டு கிடைத்தது. வழியில் இருக்கும் பலகைகளைப் படிப்பதற்காகவே ஜன்னல் சீட்டு கேட்பவன் நான். இந்த வழியில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அப்போதெல்லாம் பலகைகள் வெறும் நிறங்கள். இப்போது ஒவ்வொன்றும் என்னைக் கூப்பிட்டுப் பேசுகிறது. வாயை மூடிக்கொண்டு படிக்க இன்னும் பழகவில்லை. முன் சீட்டில் நெற்றி நிறைய நாமம் போட்டுக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா பெரியவரே, சிமெண்ட் கடை, உரக் கடை, பல்லு ஆஸ்பத்திரி... எல்லாத்தையும் வெலைக்கு வாங்கப் போறீங்களா?”

“படிக்கிறேங்க. போன வருசம்தான் கத்துக்கினேன்.”

“அப்டியா! அப்ப நல்லா சத்தமாவே படிங்க,” என்றார். அதன் பிறகு எனக்குத் தவறிப் போன இரண்டு பலகைகளை அவரே படித்துச் சொன்னார்.

ஆறு மணிக்குப் பேருந்தில் இருந்தபடியே வழக்கம்போல அந்த நம்பரை அமுக்கினேன். காற்றுச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. ஆனாலும் இன்று மீதியைக் கேட்கப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் ஒரு முறை கேட்டதே போதுமாக இருந்தது.

திருப்பத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லி சூடாக இருக்கும். நான்கு இட்லியும் ஒரு டீயும் ஐம்பது ரூபாய். அங்கிருந்து ஆலங்காயத்துக்கு ஒரு பேருந்து, முக்கால் மணி நேரம், இருபது ரூபாய். ஆலங்காயத்தில் இறங்கிக் காவலூர் பேருந்துக்கு நின்றேன். சனிக்கிழமைகளில் மலையில் இருக்கும் பெரிய தொலைநோக்கியைப் பார்க்கக் கூட்டம் வரும் என்பதால் இடம் பிடிப்பது கஷ்டம். எனக்கு நடத்துநர் பக்கத்தில் இடம் கிடைத்தது. வண்டி ஜவ்வாது மலை ஏற ஆரம்பித்ததும் காது அடைத்துக்கொண்டது. வெயில் போய் மூட்டம் வந்தது. புளிய மரங்கள், அதற்குப் பிறகு சாமைக் கொல்லைகள்.

நடத்துநரிடம் பாட்டின் முதல் இரண்டு வரியைச் சொல்லி, இந்த இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

“அட, நம்ம வெண்ணிலா பாட்டு! அத்த கேட்டுக்கினா வர்றீங்க?” என்றார். “அதுங்க ஒரு கும்பலு தாத்தா. கொண்டை ஊசின்னு பேரு வெச்சிக்கினு கீதுங்க. போன மாசம் என்ன வெச்சே ஒரு பாட்டு கட்டிட்டானுங்க. சில்லறை குடுக்க மாட்டேனாம். ஊரு பூரா என்னப் பாத்து அத்தயே பாடுது.”

“அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தால் எடுக்கவே மாட்டேன் என்கிறாளே?”

“எப்டி எடுக்கும்? எடுத்தா பாட்டு நின்னுடும் இல்ல?” என்று சொல்லிவிட்டு ஒரு டிக்கெட்டைக் கிழித்தார்.

அவர் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. மலையில் பல இடங்களில் இன்டர்நெட் சரியாக வராது, பேச மட்டும் டவர் கிடைக்கும். அதனால் புதுப் பாட்டு செய்தால் அதில் ஒரு துண்டை வெட்டித் தங்கள் நம்பருக்குக் காலர் டியூனாக வைத்துவிடுவார்கள். பாட்டு வந்துவிட்டது என்று தெரிந்ததும் மலை முழுவதும் இருக்கிறவர்கள் அந்த நம்பருக்குப் போன் செய்து கேட்பார்கள். பாடியவர் எடுக்கக் கூடாது. எடுத்தால் மரியாதைக் குறைவு. கேட்பவருக்கும் காசு செலவில்லை. சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பகலில் எல்லோரும் ஒரு வீட்டின் முன்னால் கூடுவார்கள். அங்கேதான் முழுப் பாட்டையும் முதல் முறையாகப் போடுவார்கள்.

“இன்னிக்கி வெண்ணிலா வூட்டாண்டதான். நேரா போங்க, நல்ல நாளாப் பாத்து வந்துக்கினு கீறீங்க,” என்றார் நடத்துநர். “என் பாட்டயும் போடுவானுங்க. கேக்காதீங்க.”

எனக்கு உட்கார முடியவில்லை. முழுப் பாட்டு, அதுவும் இன்றைக்கே!

காவலூரைத் தாண்டி மூன்றாவது வளைவில் இறக்கிவிட்டார். அங்கிருந்து மேட்டில் கால் கிலோமீட்டர் ஏற வேண்டும். முட்டி வலி இருப்பவர்கள் மெதுவாக ஏறுங்கள், பாறை வழுக்குகிறது. மேலே ஓர் ஓட்டு வீடு. முன்னால் அகலமான பாறை, சாமை காயப்போடுகிற இடம். அதன் ஓரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ. ஆட்டோவின் பின் சீட்டில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். தலையில் தொப்பியைத் திருப்பிப் போட்ட பையன்களும், கொல்லையிலிருந்து அப்படியே வந்த பெண்களும், கோழிகளும்.

ஆட்டோக்காரர் தீனாதான் அந்தக் கூட்டத்துக்குத் தாளம் செய்கிறவர். யார் என்ன என்று கேட்காமல் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். “பாட்டு கேக்க வந்தியா தாத்தா? குந்து.” முதலில் நடத்துநர் பாட்டைப் போட்டார்கள். எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்து ஒரு பையன் பலாப்பழ வியாபாரியைத் திட்டிப் பாடினான். ஒரு பெரியம்மா, “அடேய், அந்தாளு என் தம்பிடா!” என்று எழுந்து துடைப்பத்தைத் தேடினாள். பாட்டு முடிந்ததும் அவளே, “ஆனா நெசத்ததான் பாடிக்கிறான்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பிறகு வெண்ணிலா எழுந்து வந்தாள். இருபது இருபத்தொரு வயது. திருப்பத்தூரில் ஒரு துணிக்கடையில் வேலை, சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். மைக்கைப் பிடித்தாள். பக்கத்தில் அவள் அம்மா லட்சுமி ஒரு போனை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தாள்.

“எல்லாருக்கும் தெரியும்,” என்றாள் வெண்ணிலா. “எங்க நைனா கூர்க்குக்கு மிளகு பறிக்கப் போயி ரெண்டு பொங்கல் ஆயிடுச்சி. அவர் கிட்ட போன் இல்ல. மேஸ்திரி போன்லதான் எப்பனா ஒரு வாட்டி பேசுவாரு. ஒரு வாட்டி நாங்க திருப்பிக் கூப்புட்டதுக்கு மேஸ்திரி கத்திட்டாரு. திருப்பிக் கூப்புடாதீங்கன்னு நைனா சொல்லிட்டாரு. அதோட பேச்சே இல்ல. அதான் பாட்ட டியூனா வெச்சேன். எப்ப கூப்புட்டாலும் என் கொரல் கேக்கட்டும்னு. மீதிய மொதல்ல நைனாதான் கேக்கணும்னு இத்தினி நாளு யாருக்கும் போடல.”

அம்மா அவளை இடித்தாள். “சொல்லுடி, சந்தோசமா சொல்லு.”

“ஆடியிலேர்ந்து நைனா தெனமும் கூப்புடறாரு,” என்றாள் வெண்ணிலா. “புது நம்பரு, நம்ம மலைல யாருதும் இல்ல, வேற யாரு போனயோ வாங்கிக் கூப்புடறாரு. கரெக்டா காலைல ஆறு மணி. பேச மாட்டாரு. ரெண்டு வாட்டி பாட்டு கேட்டுட்டு வெச்சிடுவாரு. நைனா கேக்க ஆரம்பிச்சிட்டாரு, அதான் இன்னிக்கி முழுசும் போடறேன்.”

“நான் ஒரு நாளு பொறுக்க மாட்டாம எடுத்துட்டேன்,” என்றாள் லட்சுமி, கூட்டத்தைப் பார்த்து. “டக்குனு வெச்சிட்டாரு. மேஸ்திரி பக்கத்துல நின்னுக்கினு இருந்துருப்பான். பாவம். இன்னிக்கி கூட கூப்புட்டாரு! ஒரு வாட்டிதான் கேட்டாரு. வேலைக்கி நேரம் ஆயிருக்கும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் கை தட்டவில்லை.

இருக்காது என்று நினைத்தேன். உலகத்தில் ஆறு மணிக்குப் போன் செய்கிறவன் நான் ஒருவன்தானா? சரி பார்த்துவிடலாம் என்று, யோசிக்காமல், மடியிலிருந்து போனை எடுத்து அந்த நம்பரை அமுக்கிவிட்டேன். அதை எண்ணி இன்றும் வருந்துகிறேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

லட்சுமியின் கையில் இருந்த போன் அடித்தது. திரை வெளிச்சமாகி, அதில் பெரிய எழுத்தில் ஒரு வார்த்தை தெரிந்தது. எழுத்துக் கூட்டாமல் ஒரே பார்வையில் நான் படித்த வார்த்தைகள் குறைவு. அது அவற்றில் ஒன்று.

நைனா.

“வெண்ணிலா! பகல்ல கூப்புடறாரு! எடுக்கட்டா? எடுக்கட்டாடி?” லட்சுமி குதித்தாள். கூட்டம் முழுவதும் எழுந்துவிட்டது. என் காதில் வெண்ணிலாவின் குரல் ‘நீ போன ரோட்டுலயே நிக்கிறேன்’ என்று போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்றேன். போனைக் காதிலிருந்து எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பிடித்தேன்.

“நான்தாம்மா,” என்றேன். “தினமும் கூப்பிட்டது நான்தான். விரல் தவறி வந்த நம்பர். பாட்டு பிடித்துப்போய்த் திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்கு வேறொன்றும் தெரியாது.”

லட்சுமி என் போனையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் வைத்தேன். அவள் கையில் இருந்த போனும் நின்றது. அவ்வளவு பெரிய நிசப்தத்தை நான் குவாரியில் வெடி வைப்பதற்கு முன்னால்தான் கேட்டிருக்கிறேன்.

“யோவ் தாத்தா,” என்றார் தீனா, “உனுக்கு ஊர் உலகத்துல வேற பாட்டே கெடைக்கலியா?”

“உடு தீனா,” என்றாள் வெண்ணிலா. “பாட்டு போடாத. ஒயர புடுங்கிடு.”

லட்சுமிதான் தடுத்தாள். “ஏண்டி, போடு. மனுசன் எங்கேர்ந்தோ வந்துக்கீறாரு. கேட்டுட்டுப் போவட்டும்.”

“மீதி நைனாவுக்கும்மா.”

அம்மா வீட்டுக்குள் போய்விட்டாள். பையன்கள் ஸ்பீக்கரை இறக்க ஆரம்பித்தார்கள். நான் பாறையிலிருந்து இறங்கப் பார்த்தேன். வெண்ணிலா வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

“தெனமும் எதுக்கு தாத்தா கேட்டீங்க? கேட்டதேதான?”

“நான் என்று நிற்கிறதே அம்மா. அதற்குப் பிறகு என்ன என்று தெரியாமல் மனசு கேட்கவில்லை.”

அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “அதுக்குதான் அங்க வெட்டுனேன். தீனா வேணாம்னான், மொட்டையா கீதுன்னான். மீதி கேக்கணும்னா நைனா பேசித்தான ஆவணும்? ‘அப்புறம் இன்னாம்மா’ன்னு கேப்பாருன்னு நெனச்சேன்.” பிறகு சொன்னாள்: “வேல செஞ்சிது. ஆளுதான் மாறிப் போச்சி.”

மீதி என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அந்த இடத்தில் அவளுடைய அப்பா உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்வி அது.

லட்சுமி தட்டில் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிடாமல் போகக் கூடாது என்றாள். சாப்பிட்டேன். எங்கள் முன்னாலேயே வெண்ணிலா அம்மாவின் போனில் என் நம்பருக்குப் போட்டிருந்த ‘நைனா’ என்ற பெயரை அழித்துவிட்டு வேறு என்னவோ அடித்தாள். சரியாக இருக்கிறதா என்று என்னிடம் காட்டினாள். ‘ஆறு மணி தாத்தா’ என்று இருந்தது. படித்துவிட்டுச் சரி என்றேன்.

கிளம்பும்போது லட்சுமி மேட்டின் விளிம்பு வரை வந்தாள். “ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காதீங்கய்யா. காலைல இனிமே கூப்புடாதீங்க. பேரு பாத்தா நீங்கன்னு தெரியும்தான். ஆனா மணி அடிச்சி, நான் போனத் திருப்பிப் பேரப் பாக்குற வரைக்கும்... அந்த நேரத்த என்னால தாங்க முடியாது.”

கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அந்த நாளிலிருந்து கூப்பிடவில்லை. ஆறு மணிக்குப் பல் துலக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். வாய் தானாக ‘காவலூரு தாண்டி’ என்று ஆரம்பிக்கிறது. ‘நான்’ வந்ததும் நிற்கிறது. இன்டர்நெட்டில் டீச்சர் திறந்து கொடுத்த இந்தப் பக்கத்தில் ஒரு விரலால் தட்டித் தட்டி இதை எழுதி முடிக்க எனக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆலங்காயத்திலிருந்து மேலே போகும் பேருந்துகள் குறைவு, திரும்பி வரும் கடைசி வண்டி எப்போது என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில்லறையாகக் கொடுங்கள், அவரைப் பற்றிப் பாட்டு இருக்கிறது. புரட்டாசியிலேயே மதியத்துக்கு மேல் குளிர்கிறது, ஒரு துண்டாவது வேண்டும். தொலைநோக்கியைப் பார்க்க எப்போது விடுகிறார்கள் என்று முன்னாலேயே விசாரியுங்கள், நான் பார்க்கவில்லை. சனிக்கிழமை பகலில் எங்காவது ஆட்டோவில் பெரிய ஸ்பீக்கரைப் பார்த்தால் தைரியமாகப் போய் உட்காருங்கள், நாற்காலி போடுவார்கள். வெண்ணிலாவின் நம்பரை யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். கொடுக்க மாட்டேன்.

கூர்க் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் உங்களில் நிறைய பேர் இருப்பீர்கள். அங்கே தோட்டத்து வழிகளில் மிளகு மூட்டையோடு நடந்து வருகிறவர்களிடம் ஊர் எது என்று கேளுங்கள். ஜவ்வாது மலை என்று யாராவது சொன்னால், உங்கள் போனைக் கொஞ்ச நேரம் கொடுங்கள். வீட்டு நம்பர் அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். நம்பரை அமுக்கிவிட்டு ஒருவர் ஒன்றும் பேசாமல் போனைக் காதில் வைத்தபடியே நின்றுகொண்டிருந்தால், லைன் கிடைக்கவில்லை என்று நினைத்துத் திருப்பி வாங்கிவிடாதீர்கள். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். முடிந்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: பாட்டு ஓரிடத்தில் நின்றுவிடும், அப்போது வைத்துவிடாமல் இருங்கள், அந்தப் பக்கம் எடுப்பார்கள், அப்புறம் என்ன என்று கேளுங்கள்.